கொடைக்கானலைவிடக் குட்டையான மலையில் அக்டோபர் பனி

செப்டம்பர் மூன்றாம் வாரம் ஆகிவிட்டால் போதும், பாஸ்டன் பக்கத்துத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் இலை பாக்க எங்க போறீங்க?" ஒருவர் வெர்மாண்ட் என்பார். இன்னொருவர் கான்கமாகஸ் சாலைக்கு ஈடு இணையே இல்லை என்பார். நடுவில் ஊருக்குப் புதிதாக வந்த யாராவது, "மவுண்ட் வாஷிங்டன் உச்சி வரைக்கும் காரே போகுதாமே, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்பார். வருடா வருடம் இந்தக் கேள்விக்கு போனில் டைப் அடித்துப் பதில் போட்டு அலுத்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், இனி யார் கேட்டாலும் இணைப்பைக் கொடுத்துவிடலாம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் கீழே இருக்கும் பருவமும் மேலே இருக்கும் பருவமும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். குறிப்பாகச் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும்.

போன இலையுதிர்காலத்தில் அப்பா இங்கே வந்திருந்தார். அவருக்கு வத்தலக்குண்டு. கொடைக்கானல் மலைச்சாலை எந்த வளைவில் எப்படித் திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். வாஷிங்டன் மலையைப் பற்றி நான் ஏகத்துக்கும் அளந்துவிட்டதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "உயரம் எவ்வளவுடா?" என்றார்.

"6,288 அடிப்பா."

"கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டே ஏழாயிரம் அடியில இருக்கு. இதுக்கா இவ்வளவு பில்டப்பு?"

கணக்கு சரிதான். மீட்டரில் சொன்னால் இந்த மலை 1,917 மீட்டர். ஊட்டி நகரம் 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637. தொட்டபெட்டாவில் நாம் என்ன செய்கிறோம்? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு, மூடுபனியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறோம். அதைவிட 720 மீட்டர் குட்டையான இந்த மலையில் 1849-ல் தொடங்கி இன்றுவரை, சுற்றியுள்ள சிகரங்களையும் சேர்த்து, 150 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். விழுந்தவர்கள், பனிச்சரிவில் சிக்கியவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனாலும் திரும்பத் திரும்ப வரும் காரணம் வானிலைதான். உடம்பு நனைந்து, காற்றடித்து, சூடு இறங்கி, அப்படியே உட்கார்ந்து போனவர்கள்.

உயரத்தை மட்டும் வைத்து மலையை எடை போடக் கூடாது, அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நான் இந்தப் பதிவில் சொல்லவருவது அவ்வளவுதான்.

இந்த மலை நிற்கும் இடம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், வெண்மலைகள் என்று பெயர் பெற்ற தொடரின் நடுவில், வடக்கு அட்சம் 44 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. அந்த அட்சத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் காற்று வீசும். இந்த மலைத்தொடரோ வடக்கு தெற்காக, அந்தக் காற்றுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. மேற்கே நெடுந்தூரத்துக்கு இதைவிட உயரமான தடுப்பு எதுவும் கிடையாது. கிரேட் லேக்ஸ் பக்கமிருந்து வரும் புயல், தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிவரும் புயல், அட்லாண்டிக் கரையை ஒட்டி மேலேறும் புயல், இப்படிப் பல தடங்கள் இந்த வட்டாரத்தில்தான் வந்து சேர்கின்றன.

இதற்கு மேல் இன்னொரு விஷயம். மலைமேல் ஏறும் காற்றுக்கு மேலேயும் தாராளமாக விரிய இடம் கிடைப்பதில்லை. வானத்தின் மேலடுக்கு ஒரு மூடி மாதிரி அழுத்துகிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுமே, அந்தக் கதைதான். உச்சியில் காற்றின் ஆண்டுச் சராசரி வேகமே மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர். சராசரி! நம்மூரில் அந்த வேகத்தில் காற்று அடித்தால் மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு நாள் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டி, சூறாவளி அளவுக்கு வீசும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 50-ல் நடக்கலாம். 100-ல் கையை ஊன்றித் தவழ வேண்டியிருக்கும்.

மரங்களைப் பார்த்தாலே இந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும். இமயமலையில் 3,500 மீட்டருக்கு மேலும் மரங்கள் வளர்கின்றன. இங்கே சுமார் 1,350 மீட்டரிலேயே காடு முடிந்துவிடுகிறது. முடியும் இடத்தில் ஊசியிலை மரங்கள் இடுப்பளவு, முழங்காலளவு என்று குட்டையாகி, காற்றடிக்கும் பக்கத்தில் கிளையே இல்லாமல், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். இன்னும் மேலே போனால் பாறை, பாசி, வட துருவப் பகுதியில் வளரும் சின்னச் சின்னச் செடிகள். அங்கே ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்று மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடி உண்டு. கைக்குள் அடங்கிவிடும். உலகத்தில் இந்த வெண்மலைகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. அழிந்துவிடும் என்ற பட்டியலில் இருந்ததைக் காப்பாற்றி, 2002-ல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நடைபாதையை விட்டு விலகி மிதிக்காதீர்கள் என்று அங்கே சொல்வதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

சரி, இலையுதிர்காலத்துக்கு வருவோம்.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, அடிவாரத்தில் மேப்பிள் மரங்கள் எரிகிற மாதிரி சிவந்து நிற்கும். வெயிலடித்தால் அரைக்கைச் சட்டையே போதும். அதே நாட்களில் உச்சியின் கணக்கு வேறு. அக்டோபர் மாதத்தின் சராசரி வெப்பநிலையே அங்கே உறைநிலையை ஒட்டித்தான். செப்டம்பரிலேயே முதல் பனி விழுவது ஆச்சரியமில்லை. வருடத்தின் பன்னிரண்டு மாதங்களிலும் அந்த உச்சியில் பனி விழுந்த பதிவு இருக்கிறது, ஜூலை, ஆகஸ்ட் உட்பட. ஒரு வருடத்துக்குச் சராசரியாக 7 மீட்டர் பனி கொட்டும் இடம் அது. அதில் செப்டம்பரின் பங்கு ரொம்பச் சின்னது, அக்டோபரின் பங்கு அதைவிடப் பல மடங்கு. ஆனால் ஆளை விழ வைப்பதற்கு அந்தச் சின்னப் பங்கு போதும். ஏனென்றால் ஜனவரியில் மேலே போகிறவன் ஜனவரிக்குத் தயாராகப் போகிறான். செப்டம்பரில் போகிறவன் அடிவாரத்துக்குத் தயாராகப் போகிறான்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது அக்டோபர் முதல் வாரம். மலைமேல் போகும் கார் சாலை 1861-ல் திறந்தது, கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் நீளம். தனியார் சாலை, கட்டணம் உண்டு. கீழே 14 டிகிரி, இதமான வெயில். டிக்கெட் கொடுக்கும் பெண்மணி, "இன்றைக்குப் பாதி வரைதான். மேலே ஐஸ்" என்றார். அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. வெயிலைக் காட்டி, வானத்தைக் காட்டி, என்னைப் பார்த்தார். பாதி தூரம் போய் நிறுத்தி அண்ணாந்து பார்த்தால் மூன்று நிறப் பட்டை. கீழே சிவப்பும் மஞ்சளும், நடுவில் ஊசியிலைக் காட்டின் கரும்பச்சை, அதற்கு மேல் தூய வெள்ளை. பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில் எல்லைக்கோடு அளவுகோல் வைத்துக் கிழித்தது மாதிரி இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் வருடம் முழுக்கக் காத்திருந்து படமெடுக்கும் காட்சி இதுதான். கோட்டுக்குக் கீழே விழுந்தது மழை, மேலே விழுந்தது பனி. அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் சாலையை முழுக்கத் திறந்தார்கள். ஏறினோம். உச்சிக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்ற பணியாளர், "கதவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திறவுங்கள்" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் தெரிந்துவிட்டது. வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே, காற்று மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் என்று உள்ளே இருந்த திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று அடித்தால், வெறும் தோலுக்கு அது மைனஸ் 10 மாதிரிதான். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாவை வீட்டில் நாங்கள் எல்லாரும் கேலி செய்துகொண்டிருந்தோம். உச்சியில் அதுதான் எங்கள் எல்லாருடைய தொப்பியையும்விட உருப்படியாக வேலை செய்தது.

அங்கே முதலில் கண்ணில் பட்டது அந்த வெள்ளை. கீழேயிருந்து பார்த்தபோது பனி மூடியிருக்கிறது என்றுதான் நினைத்தோம். தரையில் இருந்தது லேசான பனிதான். கைப்பிடிக் கம்பி, பாறை, பெயர்ப்பலகை, கட்டடத்தை இழுத்துக் கட்டிய சங்கிலி எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது வேறு சரக்கு. இறகு இறகாக, ஒரே திசையில் நீட்டிக்கொண்டு நின்றது. இதை ரைம் ஐஸ் என்கிறார்கள். உச்சி மேகத்துக்குள் இருக்கும்போது அந்த மேகத்தின் நீர்த்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே மிதக்கும். எதன் மீதாவது மோதினால் அந்த நொடியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். காற்று அடுத்தடுத்துத் துளிகளைக் கொண்டுவந்து அதன் மேலேயே மோத, அது காற்று வரும் திசையை நோக்கியே நீளமாக வளர்ந்துகொண்டு போகும். காற்றடித்து எதிர்ப்பக்கம் சாய்ந்தது போல என்றுதான் முதலில் தோன்றும். நேர் எதிர்.

அப்பா அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கொடைக்கானல்ல மார்கழி தை மாசம் விடிகாலைல புல்லு மேல வெள்ளையா படியும். ஆனா அன்னிக்கு இலை கூட ஆடாது, வானத்துல ஒரு மேகம் இருக்காது. இது வேற ரகம்டா" என்றார். எனக்கு இந்த வித்தியாசத்தை இத்தனை தெளிவாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. நம் மலைகளின் உறைபனிக்குத் தெளிந்த வானமும் அசையாத காற்றும் வேண்டும். அப்போதுதான் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும், அதன் மேல் படியும். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். வாஷிங்டன் மலையின் ரைமுக்கு மேகமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நேரம் அந்த உச்சி மேகத்துக்குள்தான் இருக்கிறது. மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

நாங்கள் மேலே இருந்தது கொஞ்ச நேரம்தான். முதலில் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியவில்லை. திடீரென்று திரை விலகி, காலுக்குக் கீழே மேகக் கடல், அதில் மற்ற சிகரங்கள் தீவு தீவாக. "போட்டோ எடு, போட்டோ எடு" என்று எல்லாரும் ஓடி வருவதற்குள் மூடிக்கொண்டது. அடுத்து ஜவ்வரிசி அளவில் வெள்ளை உருண்டைகள் முகத்தில் சுளீர் சுளீரென்று அடித்தன. பிறகு மறுபடி வெயில். இறங்கி வந்து அடிவாரத்தில் காரை நிறுத்தினால் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் வெறும் அரைமணி நேரக் கார்ப் பயணம்.

காரில் போகிறவருக்கு இது வேடிக்கை. நடந்து போகிறவருக்கு இதே மாற்றம் வேறு மாதிரி. அடிவாரத்து பிங்க்ஹாம் நாட்ச் சுமார் 620 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 1,300 மீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற சராசரிக் கணக்கைப் போட்டாலே எட்டொன்பது டிகிரி போய்விடும். அதுவும் காற்றுத் திரள் மாறாமல் இருந்தால்தான். ஏறிக்கொண்டிருக்கும்போதே வடமேற்கிலிருந்து கனடாக் குளிர்காற்று உள்ளே புகுந்தால், காலையில் பார்த்த எண்ணுக்கும் மதியத்து எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. ஏறும்போது வியர்த்து பனியன் நனைந்திருக்கும். மரங்கள் முடியும் இடம் வரை காடு காற்றை மறைத்துவிடும், ஒன்றும் தெரியாது. மரம் முடிந்து இரண்டடி எடுத்து வைத்ததும் காற்று அறையும். மேலே மோசமான வானிலை, கோடையிலும் பலர் இறந்திருக்கிறார்கள், சரியில்லை என்றால் இப்போதே திரும்பிவிடுங்கள் என்ற பொருளில் வனத்துறை மஞ்சள் பலகை வைத்திருப்பதும் சரியாக அந்த இடத்தில்தான். நிறையப் பேர் அந்தப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு மேலே போகிறார்கள்.

இந்த மலையின் பழைய மரணங்களைப் படித்தால் மாதங்களைக் கவனியுங்கள். பதிவான முதல் மரணமே 1849 அக்டோபர். ஃபிரெடரிக் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற இளம் ஆங்கிலேயர். பனியைப் பார்த்து வழிகாட்டி திரும்பிவிட்டார். இவர் தனியாக மேலே போனார்.

அடுத்தது 1855 செப்டம்பர். லிஸ்ஸி போர்ன், 23 வயது, மெய்ன் மாநிலத்துக் கென்னபங்க் ஊர்ப் பெண். சித்தப்பா முறை உறவினரும் அவர் மகளும் கூட வர, மதியத்துக்கு மேல் கிளம்பி நடந்தார்கள். உச்சியில் விடுதி இருந்தது, அங்கே தங்கி மறுநாள் சூரியோதயம் பார்ப்பது திட்டம். அந்தக் காலத்துப் பெண்கள் உடுத்திய, தரை தொடும் பல அடுக்குப் பாவாடையோடுதான் ஏறினார். காற்றும் மூடுபனியும் சேர்ந்துகொள்ள, இருட்டிவிட்டது. விடுதி எங்கே என்றே தெரியவில்லை. சித்தப்பா கற்களை அடுக்கிச் சின்ன மறைப்புச் சுவர் எழுப்பினார். இரவு பத்து மணி வாக்கில் அந்தப் பெண்ணின் மூச்சு அடங்கியது. விடிந்து பார்த்தால் விடுதி கூப்பிடு தூரத்தில் நின்றது. இன்றைக்கு மலைமேல் போகும் பல்சக்கர ரயில் (1869-ல் ஓடத் தொடங்கியது, உலகிலேயே இந்த வகையில் முதல் மலை ரயில்) அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறது. நினைவுப் பலகை இருக்கிறது. ரயிலில் சுற்றுலாப் பயணிகள் ஒரு நொடி கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அதே இலையுதிர்காலம், அக்டோபர் மாதம். பாஸ்டனிலிருந்து பெஞ்சமின் பால் என்ற மருத்துவர் வந்தார். இவர் கதையைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழையும் ஐஸுமாக அடித்துக்கொண்டிருந்தபோதே மலையேறினார், கையில் குடையோடு. சாலை அப்போது போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களின் கூடாரத்தைத் தாண்டி மேலே போனவர், பனிப்புயலில் வழி தவறினார். உச்சி விடுதியும் கிடைக்கவில்லை, திரும்பும் வழியும் கிடைக்கவில்லை. ஒரு பாறைக்கும் குட்டை மரங்களுக்கும் நடுவில் நுழைந்து, குடையை விரித்துக் கூரையாக்கி, இரண்டு இரவு உட்கார்ந்திருந்தார். தூங்கினால் எழமாட்டோம் என்று தெரிந்து விழித்தே இருந்தார். சாப்பாடு கிடையாது, நெருப்பு கிடையாது. சுமார் 60 மணி நேரம். தேடிப்போனவர்கள் கண்ணில் பட்டபோது கைகால் உறைந்திருந்தன, ஆனால் உயிர் இருந்தது. அடுத்த வருடமே அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

போர்ன் இறந்ததும் பால் பிழைத்ததும் ஒரே பருவத்தில், சில வாரங்கள் இடைவெளியில். இதிலிருந்து குடை எடுத்துப் போங்கள் என்று சொல்லவரவில்லை! அந்தக் காற்றில் குடை பிடித்து நடக்க முடியாது. காற்றையும் ஈரத்தையும் உடம்பிலிருந்து தள்ளி வைத்தது எதுவோ அது அவரைக் காப்பாற்றியது. இன்றைக்கு அந்த வேலையை ஒரு நல்ல மழைக்கோட்டும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் சட்டையும் செய்யும். பருத்தி செய்யாது. நனைந்த பருத்தி பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம், நனைந்தால் காயவே காயாது. நம் ஆட்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஜீன்ஸில்தான் மலையேறுகிறார்கள். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்த உச்சியில் 1932-லிருந்து ஒரு வானிலை ஆய்வகம் இயங்குகிறது. நாலைந்து இளைஞர்கள் ஆரம்பித்தது. அன்றிலிருந்து மணிக்கொரு தடவை, இரவு பகல் பாராமல், ஆள் வெளியே போய் அளவெடுக்கிறார்கள். வெப்பமானியைக் கயிற்றில் சுழற்றுவது போலக் கையால் சுழற்றி ஈரப்பதம் அளப்பது இன்னும் நடக்கிறது. தானியங்கிக் கருவிகளின் மேல் ரைம் ஏறிக்கொண்டால் அது ஊமை. அதைத் தட்டி உதிர்க்க ஆள்தான் கோபுரத்தில் ஏற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை, ஷிப்ட் மாறும். கூடவே ஒரு பூனையும் அங்கே நிரந்தர வாசி. இப்போதைய பூனையின் பெயர் நிம்பஸ், 2021-லிருந்து பணியில் இருக்கிறது. வானிலைக்காரர்கள் பூனைக்கு மேகத்தின் பெயரை வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்.

1934 ஏப்ரல் 12-ஆம் தேதி இங்கேதான் மணிக்கு 231 மைல் காற்றை அளந்தார்கள். 372 கிலோமீட்டர். அளந்து முடித்ததும் யார் இதை நம்பப் போகிறார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. கருவியைச் சோதித்துச் சரிதான் என்று உறுதி செய்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் அதுதான் உலக சாதனை. 1996-ல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒலிவியா புயலின்போது ஒரு தானியங்கிக் கருவி 408 கிலோமீட்டர் காட்டியிருந்ததை, 2010-ல்தான் உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டது. சாதனை கைமாறிவிட்டது. ஆனாலும் "உலகிலேயே மோசமான வானிலை" என்ற பெயரை இந்த ஊர் விடுவதாக இல்லை. டி-ஷர்ட், கோப்பை, காருக்கு ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் அது விற்கிறது.

எனக்கு அந்த வாசகம் பிடிப்பதில்லை. அண்டார்க்டிகாவிலும் எவரெஸ்டிலும் இதைவிட மோசமான வானிலை வாரம் முழுக்க நடக்கும். அங்கே டி-ஷர்ட் போட்டவர் போய்ச் சேர முடியாது என்பதுதான் விஷயம். பாஸ்டனிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி, வழியில் காபி குடித்து, ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்பது மாதிரி நின்று போய்ச் சேரக்கூடிய இடத்தில் இந்த வானிலை இருப்பதுதான் இந்த மலையின் தனித்தன்மை. வாசகத்தை அப்படி எழுதினால் டி-ஷர்ட் விற்காது, புரிகிறது.

குளிர்காலக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இங்கே வெப்பநிலை மைனஸ் 44 டிகிரி செல்சியஸ் வரை போனது. காற்றையும் சேர்த்தால் மைனஸ் 78. அந்த நேரத்தில் மேலே போவதற்கு நம்மில் யாரும் துடிக்கப்போவதில்லை, ஆகவே விட்டுவிடுவோம்.

செப்டம்பர், அக்டோபரில் நடந்து ஏற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சுமார் 1,530 மீட்டரில், லேக்ஸ் ஆஃப் தி கிளவுட்ஸ் என்று ஒரு மலைக்குடில் இருக்கிறது. கோடையில் சூப்பும் படுக்கையும் கிடைக்கும். செப்டம்பர் பாதியிலேயே அதை மூடிவிடுவார்கள். உச்சியில் சிற்றுண்டிக்கூடம் உள்ள கட்டடமும் அக்டோபரில் மூடிவிடும். பனி ஆரம்பிக்கும் நேரமும் கதவுகள் சாத்தப்படும் நேரமும் ஒன்றாக வருகின்றன. ஜூலையில் போய்வந்தவர் சொன்ன குறிப்பை வைத்துக்கொண்டு அக்டோபரில் போனால், ஒதுங்கலாம் என்று நம்பிய இடத்தில் பூட்டுதான் இருக்கும். பகலும் சுருங்கிவிடும். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மாலை ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மலை நிழலில் அதற்கும் முன்பே இருட்டும்.

இன்னொன்று, பாதையைப் பற்றி. மரம் இல்லாத பகுதியில் வழி காட்டுவது கற்குவியல்கள்தான். ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியல் தெரிய வேண்டும், அதுதான் ஏற்பாடு. பாறையும் வெள்ளை, குவியலும் வெள்ளை, காற்றும் வெள்ளை என்று ஆகிவிட்டால் அந்த ஏற்பாடு செத்தது. அடுத்த குவியல் தெரியாத இடத்தில் மேலே போகாதீர்கள். வந்த குவியல் இன்னும் கண்ணில் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். ஈரப்பாறையில் படியும் மெல்லிய ஐஸ் கண்ணுக்கே தெரியாது. இறங்கும்போது சறுக்கும். காலணிக்கு அடியில் மாட்டும் சின்ன முள்பட்டையை அக்டோபர் முதலே பையில் வைத்துக்கொள்ளும் உள்ளூர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். கிளம்பும் அன்று காலையில் ஆய்வகம் வெளியிடும் உயர் சிகரங்களுக்கான முன்னறிவிப்பைப் பாருங்கள். போனில் தெரியும் பக்கத்து ஊர் வானிலையைப் பார்க்காதீர்கள், அது அடிவாரத்துக்கானது. வெப்பநிலையைவிட முதலில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் என்றால் குழந்தைகளோடு நடக்க வேண்டாம். காரில் போகிறவர்கள் சாலை எதுவரை திறந்திருக்கிறது என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வரைதான் என்றால் கோபப்படாமல் பாதி வரை போங்கள், அந்த மூன்று நிறப் பட்டை அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். உச்சிக்குப் போனால் கையுறை, காது மூடும் குல்லா, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை ஆளுக்கு ஒன்று, கீழே எத்தனை டிகிரி வெயில் அடித்தாலும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குச் செருப்பு போதும் என்று விட்டுவிடாதீர்கள். புடவையோடு போகும் அம்மாக்களுக்கு உள்ளே ஒரு தெர்மல் பேன்ட்.

நடந்து போகிறவர்கள் நியூ ஹாம்ப்ஷயரின் ஹைக் சேஃப் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். 2015-ல் தொடங்கியபோது ஒருவருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர். அஜாக்கிரதையாகப் போய் மாட்டிக்கொண்டால் தேடி மீட்ட செலவை நம்மிடமே வசூலிக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அட்டை இருந்தால் பெரும்பாலும் அந்தச் செலவிலிருந்து தப்பிக்கலாம். மீட்புக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் தன்னார்வலர்கள், சம்பளம் வாங்காமல் இரவில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள். அவர்களுக்கு வேலை வைக்காமல் இறங்கி வாருங்கள். இந்த வருடம் யாராவது முதல் பனியோடு உச்சியைப் பார்த்தீர்கள் என்றால் படத்தோடு எனக்கு எழுதுங்கள், தேதியையும் அன்றைய காற்றின் வேகத்தையும் சேர்த்து.